ஏன் என்று எழுதாத கட்டம்

இடது கையில் சோப்பைக் குழைத்துப் பூசிக்கொண்டு, கண்களை இறுக மூடி, குளிக்கும்போது திறப்பதுபோல ஒரு டப்பாவின் மூடியைத் திறக்கப் பார்க்கிறார் அக்கா. வழுக்குகிறது. மறுபடி திருகுகிறார். மறுபடி வழுக்குகிறது. "நல்லா படுத்துற நீ," என்று டப்பாவிடம் சொல்லிவிட்டு, கையைத் துடைக்காமலே பென்சிலை எடுத்து நோட்டில் குறித்துக்கொள்கிறார். அந்த நோட்டின் தாள்கள் நனைந்து நனைந்து காய்ந்து விறைத்துப் போயிருக்கின்றன. புரட்டினால் மொறமொறவென்று சத்தம் கேட்கும்.

வாளி, குவளை, டப்பா செய்யும் பிளாஸ்டிக் தொழிற்சாலை அது. பத்தொன்பது வருடம் இயந்திரத்தின் முன் நின்று, சூடாக விழும் வாளிகளின் விளிம்பைச் சீவியவர், அங்கே எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் இவர். பிறகு முதலாளி அவருக்கு ஒரு மேஜையும் வாளி வார்க்கும் இரும்பு அச்சுகளை வெட்டும் அச்சுப் பட்டறையை ஒட்டி ஓர் அறையும் கொடுத்து, "புதுசா ஏதாவது யோசிங்க," என்றார். யோசி என்றால் என்ன செய்வது என்று இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தாராம். மூன்றாம் நாள் கட்டம் போட ஆரம்பித்துவிட்டார்.

ஒரு பொருளை எடுத்துக்கொள்வார். வாளி என்றால் வாய், உடம்பு, அடி, கைப்பிடி என்று அதன் பாகங்களை இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவார். மேலே வரிசையாகக் கேள்விகள்: எடுத்துவிட்டால்? இரண்டாக்கினால்? இடம் மாற்றினால்? சிறிதாக்கினால்? தலைகீழாக்கினால்? வேறொன்றோடு சேர்த்தால்? பாகமும் கேள்வியும் சந்திக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் நின்று யோசித்தாக வேண்டும். சரிப்பட்டு வராததை அடிக்கலாம். ஆனால் ஏன் அடித்தோம் என்று அதிலேயே ஒரு வரி எழுத வேண்டும். எழுதாமல் அடித்தவர் பட்டறை முழுவதற்கும் தேநீர் வாங்கி வர வேண்டும். இது அறையின் சட்டம்.

இந்தச் சட்டத்தில் அதிகம் மாட்டியவர் அச்சு மேஸ்திரி. அக்காவைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். "சரிப்படாதுக்கா" என்று வாயைத் திறந்தாலே, "ஏன்னு எழுதிட்டுப் பேசுங்க மேஸ்திரி" என்று அக்கா பென்சிலை நீட்டிவிடுவார். "எழுதத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் இரும்பு அறுக்க வந்தேன்?" என்று முனகியபடி மேஸ்திரி தேநீர்க் கடைக்கு நடப்பார்.

அந்தத் தொழிற்சாலையின் பொருள் பட்டியலை எழுதிக் கொடுக்கப் போனபோதுதான் இவர்கள் எனக்கு அறிமுகமானார்கள். புதியது என்பது காத்திருப்பவனுக்குத் தானாக வருவது, கட்டம் போட்டுப் பிடிப்பதல்ல என்று நினைத்திருந்தவன் நான். அக்காவிடம் அதைச் சொன்னேன். "வரும்போது நாம வீட்ல இருக்கணுமில்ல?" என்றார். அது பதில்தானா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

பட்டியலின் முதல் பக்கத்தைக் காலியாக விடச் சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமை பெரிய கடைகளுக்குச் சரக்கெடுக்கும் அம்மா ஒருவர் வருகிறார். அவருக்குக் காட்டப் புதிய பொருள் ஒன்றும் இல்லையென்றால் அச்சுப் பட்டறையை மூடிவிட்டு, இனி அச்சுகளை வெளியில் வாங்கிக்கொள்வது என்று முதலாளி முடிவெடுத்திருந்தார். மேஸ்திரியும் இன்னும் மூன்று பேரும் வேறு வேலை தேட வேண்டும். அந்த வாரம் முழுக்க மேஸ்திரி "சரிப்படாது" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அக்காவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை, போட்ட கட்டங்களெல்லாம் தீர்ந்துபோய், பழைய நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். மேஸ்திரி திடீரென்று ஒரு பக்கத்தில் விரலை ஊன்றினார்.

"அக்கா, இது யார் அடிச்சது?"

வாளி. கைப்பிடி. இரண்டாக்கினால்? கட்டத்தின் குறுக்கே ஒரு பெருக்கல் குறி. காரணம் இல்லை.

"என் கையெழுத்து இல்ல."

"பெருக்கல் குறில என்னக்கா கையெழுத்து? அப்பல்லாம் நோட்டை உங்களத் தவிர யார் தொட்டாங்க?"

அக்கா தேதியைப் பார்த்தார். பதினொரு வருடத்துக்கு முந்தியது. "பொண்ணுக்கு அம்மை போட்டிருந்துச்சு. சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு அவசரத்துல..." என்று இழுத்தவர், பாதியில் எழுந்து போய் ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வந்தார். கையில் சோப்பைப் பூசிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு வாளியைச் சாய்த்து ஊற்றினார். வலது கை கைப்பிடியில் இருந்தது. இடது கை யாரும் சொல்லாமலே வாளியின் அடிக்குப் போய், பிடிக்க ஏதும் இல்லாமல் வழுக்கியது. பாதித் தண்ணீர் என் செருப்பில்.

"இத்தன வருஷமா கை கேட்டுக்கிட்டே இருந்திருக்கு மேஸ்திரி. நான்தான் காதுல வாங்கல."

வாளியின் அடியில், தரையில் படும் வளையத்துக்குள், இரண்டு விரல் ஆழத்துக்குப் பள்ளம் இருக்கும். அதன் குறுக்கே ஒரு பட்டையை வைத்தால் விரல்கள் கோத்துக்கொள்ளும், தரையிலும் இடிக்காது. மேஸ்திரி வாளியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குள் போனார். புதன்கிழமை மாலைக்குள், பட்டையைச் சூட்டில் ஒட்டி, ஓரம் தேய்த்து, மாதிரி ஒன்று தயாராகிவிட்டது.

வியாழக்கிழமை வந்த அம்மா அதிகம் பேசாதவர். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். அக்கா நீட்டிய சோப்பை ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். நிறைந்த வாளியைத் தூக்கி, அடிப்பட்டையில் விரல் கோத்து, சின்னக் குவளை ஒன்றுக்குள் ஊற்றினார். வெளியே ஒரு சொட்டு விழவில்லை. மறுபடி ஊற்றிப் பார்த்தார்.

"இது ஏன் இவ்வளவு நாளா இல்ல?" என்றார்.

மேஸ்திரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்த முதலாளி, பட்டறைக் கதவில் கை வைத்து நின்று, "அச்சு எப்போ வெட்ட ஆரம்பிக்கிறீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். மேஸ்திரி அங்கிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து, கழுத்துத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மற்ற மூவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நான் முதல் பக்கத்துக்கு என்ன எழுதுவதென்று காகிதத்தை எடுத்துக்கொண்டேன். வெகு நாளைக்குப் பிறகு அந்த அறையில் மூச்சு விட இடம் இருந்தது.

அக்காவைக் காணவில்லை. மேஜையில் பழைய நோட்டு திறந்து கிடந்தது. அந்தக் கட்டத்தில் பெருக்கல் குறி அப்படியே இருந்தது; அதன் பக்கத்தில், புதிதாகப் பென்சிலில், "காரணம்: அவசரம்" என்று எழுதியிருந்தது.

சற்று நேரத்தில் வாசலில் கண்ணாடி டம்ளர்கள் உரசும் ஓசை கேட்டது. அக்கா புது வாளியை வலது கையால் பிடித்து, இடது கையால் அடிப்பட்டையைத் தாங்கி, அலுங்காமல் நடந்து வந்தார். வாளிக்குள் ஏழு தேநீர். முதல் டம்ளரை எடுத்து மேஸ்திரியின் முன்னால் வைத்தார்.