முன்சக்கரத்துக்குப் போட்ட கட்டை

பிள்ளைகளே, நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இதில் எழுத்துப்பிழை கண்டால் தாராளமாகத் திருத்துங்கள். வண்டியைப் பற்றிச் சொல்வதை மட்டும் திருத்த வேண்டாம். சாவியைத் திருகினால் கிளம்புகிற வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். நான் ஓட்டியது வேறு சாதி.

அதைச் சீமை லாரி என்போம். இங்கிலாந்தில் செய்து, யுத்தம் முடிந்த பிறகு கப்பலில் வந்து இறங்கியது. பல கை மாறித் தூத்துக்குடியில் ஓர் உப்பள முதலாளியிடம் வந்து, எழுபதுகளின் நடுவில் என் கைக்குக் கிடைத்தது. புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த நேரம். அளத்தில் உப்பை ஏற்றிக்கொண்டு போய்ப் பழைய துறைமுகத்தில் தோணிக்காரர்களிடம் இறக்குவது என் வேலை.

உப்பு இரும்பைத் தின்னும். சாயங்காலம் தவறாமல் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுவேன். பிறகு கழித்த இன்ஜின் ஆயிலைத் துணியில் தொட்டுப் வில்பட்டைக்கும் போல்ட்டுக்கும் தடவுவேன். குடிக்கவே நல்ல தண்ணீருக்கு வரிசையில் நின்ற ஊர் அது. உங்கள் அம்மா வாசலில் நின்று, "லாரிய மட்டும் நல்ல தண்ணியில குளிப்பாட்டுங்க. நாங்க உவர்த்தண்ணியில குளிச்சுக்கிடுதோம்" என்பாள்.

அவள் ஏசியதிலும் நியாயம் இருந்தது. எவ்வளவு கழுவினாலும் உப்பு எங்கேயாவது புகுந்து தன் வேலையைச் செய்துவிடும். கைப்பிரேக் கம்பி ஒரு மழைக்காலத்தில் அறுந்தது; வாங்கித் தருகிறேன் என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டாவது கியர் பல் தேய்ந்து, இறக்கத்தில் தானாகக் கழன்றுகொள்ளும். கிளீனர் பக்கத்தில் உட்கார்ந்து கியர்க்கம்பியை அமுக்கிப் பிடித்தால்தான் நிற்கும். இன்ஜின் சூடாக இருக்கும்போது அணைந்துவிட்டால் அரை மணி நேரத்துக்கு மூச்சு விடாது. முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்ற வேண்டும். சுற்றும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் வைத்தால் ஹேண்டில் திருப்பி அடித்து விரலை ஒடித்துவிடும். பிரேக் ஆயில் கிடைக்காத மாதங்களில் விளக்கெண்ணெயில் ஸ்பிரிட் கலந்து ஊற்றினோம். சீமை ரப்பருக்கு அது ஒத்துக்கொண்டது.

இத்தனை நோயோடும் அது ஓடியது. எந்த நோய்க்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்கும் கிளீனருக்கும் தெரியும். அன்றைக்கு அந்தக் கிளீனர் இல்லை. அவனுடைய அக்காளுக்கு ஸ்ரீவைகுண்டத்தில் கல்யாணம். தனியாகத்தான் போனேன்.

ஊருக்குத் தெற்கே கடலை ஒட்டிய அளம். உச்சிப்பொழுது கழிந்து, லோடு ஏற்றி முடித்து ஹேண்டிலைச் சுற்றிக் கிளப்பிவிட்டேன். வண்டியில் ஏறப்போகும்போது கடற்கரைப் பக்கமிருந்து ஒருவர் ஓடி வந்தார். சங்கு குளிக்கிற தோணி ஒன்றின் தண்டல் அவர். தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்போம். பின்னாலேயே நாலு பேர் ஒரு ஆளைத் தூக்கி வந்தார்கள்.

"டிரைவரே, திருக்க மீனு வாலால அடிச்சிட்டுவே. தொடையில முள்ளு இறங்கி ஒடிஞ்சு நிக்கி. ரத்தம் நிக்க மாட்டேங்கு."

"தோணியிலயே ஊருக்குப் போயிருக்கலாமே அண்ணாச்சி?"

"காத்து எதிர்க்காத்து. போய்ச் சேர ராத்திரி ஆயிரும். அதுவரைக்கும் இவன் தாங்க மாட்டான்."

சங்குக்குளியாளுக்கு என் வயதுதான் இருக்கும். தொடையில் ஒரு வேட்டியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அது கறுத்து நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் முழுக்க உப்பு. காயத்தோடு அதன்மேல் கிடத்த முடியாது. கேபினுக்குள் என் பக்கத்தில் ஏற்றினோம். அந்த லாரியில் இன்ஜின் பாதி கேபினுக்குள்தான் இருக்கும். காலையிலிருந்து ஓடிய சூடும் வெயிலும் சேர்ந்து அதன் தகர மூடி கொதித்துக்கொண்டிருந்தது. தண்டல் அந்த ஆளின் தொடையைத் தூக்கி அந்த மூடியோடு சேர்த்து வைத்தார். நான் பதறிவிட்டேன்.

"சூடு பட்டாத்தான் திருக்க விஷம் அடங்கும். நீரு வண்டிய எடும்" என்றார் தண்டல். மற்ற நாலு பேரும் தோணிக்குத் திரும்ப, அவர் இடதுபக்கக் கதவு ஓரம் ஒடுங்கி உட்கார்ந்தார்.

கொஞ்ச தூரம் ஒழுங்காகத்தான் போனோம். அந்த ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு என் சட்டைக் கையைப் பிடித்திருந்தார். ஆடுகள் குறுக்கே வந்தன. பிரேக்கை மிதித்தேன். பெடல் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் தரையில் போய்ப் படுத்துவிட்டது.

மறுபடி மிதித்தேன். வெறும் பெடல். எங்கேயோ பிரேக் குழாயை உப்புத் தின்று ஓட்டை விழுந்திருக்கிறது. ஹாரனை அடித்துக்கொண்டே கியரைக் குறைத்தேன். இரண்டாவது கியரில் வண்டி இழுத்துப் பிடித்து மெதுவானது. ஆடுகள் ஒதுங்கிவிட்டன.

நின்று பார்க்கலாமா என்று நினைத்தேன். கைப்பிரேக்கும் இல்லாத வண்டி; நிற்க வேண்டுமானால் இன்ஜினை அணைத்துக் கியரில் விட வேண்டும். அணைத்தால் அரை மணி நேரம். பக்கத்தில் இருந்தவரின் முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து போய்ச் சேர்ந்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். வழியில் எனக்குப் பயம் இருந்த இடம் ஒன்றுதான். ஓடைப் பாலம். அதில் ஏறி இறங்கினால் ரயில்வே கேட். துறைமுகத்துச் சரக்கு வண்டி வந்தால் கேட்டை அடைத்துவிடுவார்கள்.

தண்டல் என் காலைப் பார்த்துவிட்டார். "என்னவே, சும்மா சும்மா மிதிக்கீரு?"

"பிரேக் இல்ல அண்ணாச்சி."

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, "மாதாவே. கடல்லயிருந்து தப்பிச்சு வந்து ரோட்டுலயா?" என்றார்.

அடிபட்டவர் கண்ணைத் திறந்தார். "நிக்குமா, நிக்காதா?"

"நிக்கும்."

"நீரு பொய் சொல்லுதீரு."

"பேசத் தெம்பு இருக்குல்லா? அப்ப ஒரு உதவி செய்யும். இந்தக் கம்பியைக் கீழ அமுக்கிப் பிடிச்சுக்கிடும். கழன்றா வண்டி நம்ம பேச்சக் கேக்காது."

அவர் என் சட்டையை விட்டுவிட்டு அந்தக் கையால் கியர்க்கம்பியைப் பிடித்தார். சங்கை மண்ணிலிருந்து பெயர்க்கிற கை. பிடி நல்ல பிடி. தண்டலிடம் சீட்டுக்கு அடியில் கிடந்த கட்டையைக் காட்டினேன். சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற ஆப்புக்கட்டை, கிளீனரின் ஆயுதம்.

"அதை எடுத்துக்கிட்டு ஃபுட்போர்டுல நில்லும். நான் சொன்னதும் குதிச்சு சக்கரத்துக்குப் போட்டுரும். சொல்லுததுக்கு முன்னால போட்டுராதேயும்."

"நங்கூரம் போடத் தெரியாதவனா நான்? நீரு சொல்லும், போடுதேன்."

கதவைத் திறந்து, கட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் வெளியே தொற்றி நின்றார்.

பாலத்தின் உச்சிக்கு வந்ததும் கேட் தெரிந்தது. அடைத்திருந்தது. கேட்காரர் சிவப்புக் கொடியோடு நின்றார். வலதுபக்கம் சரக்கு வண்டியின் புகை. கேட்டுக்கு இந்தப் பக்கம் சைக்கிள்காரர்கள் நாலைந்து பேர், ஒரு மாட்டுவண்டி.

இறக்கம் தொடங்கியது. பின்னால் இருந்த உப்பு வண்டியை முன்னால் தள்ளியது. இரண்டாவது கியர் அழுதுகொண்டே தாங்கியது. தாங்கும் என்றுதான் நினைத்தேன். பாலம் முடிகிற இடத்தில் சாலையில் ஒரு பள்ளம். சக்கரம் அதில் விழுந்து எழுந்ததும் அந்த ஆளின் கால் இன்ஜின் மூடியில் இடித்தது. "அம்மா" என்று துடித்தார். கை நழுவியது. கியர் கழன்றது.

இழுத்துப் பிடித்திருந்தது விட்டுப்போனால் லாரி எப்படிப் போகும் என்று எழுதிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. சத்தம் குறைந்து வேகம் கூடியது. கியரைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பல் கரகரவென்று உரசியது, விழவில்லை. ஹாரனில் கையை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்து ஓடினார்கள். மாடு ஓடவில்லை.

"அண்ணாச்சி, போடும்."

லாரிக்காரன் எவனாக இருந்தாலும் கட்டையைப் பின்சக்கரத்துக்குத்தான் போடுவான். பாரம் அங்கேதான் இருக்கிறது. அதைப் போய் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. தண்டல் குதித்தார், வண்டியோடு ஓடினார், முன்னால் போய் இடதுபக்க முன்சக்கரத்துக்கு நேராகக் கட்டையை எறிந்தார்.

ஸ்டீயரிங் என் கையைப் பிய்த்துக்கொண்டு சுழன்றது. முன்சக்கரம் கட்டையில் ஏறிக் குதித்து இடதுபக்கம் ஒடிந்து திரும்பியது. மாட்டுவண்டியின் பின்பக்கத்தை உரசாமல் எப்படிப் போனோம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சாலை ஓரத்துச் சரிவில் இறங்கி, அளத்து வரப்பை உடைத்து, முன்சக்கரம் இரண்டும் சகதியில் அச்சு வரை புதைந்து வண்டி நின்றது. இன்ஜின் ஒரு இருமல் இருமி அணைந்தது. கூரைமேல் உப்பு சரசரவென்று கொட்டியது. சரக்கு வண்டி கூவிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது.

நான் பக்கத்தில் திரும்பினேன். அந்த ஆள் கன்னம் உப்பி, கண் விரிந்து, விறைத்து உட்கார்ந்திருந்தார். நெஞ்சு ஏறி இறங்கவில்லை. உலுக்கினேன், அசைவில்லை. போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

தண்டல் முழங்கால் சிராய்த்து, மண்ணும் ரத்தமுமாக வந்து எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அந்த ஆளின் கன்னத்தில் ஒன்று வைத்தார்.

"ஏலே, மூச்ச விடு. மேல வந்துட்டோம்."

புஸ்ஸென்று மூச்சு வெளியே வந்தது. வண்டி சாலையை விட்டு இறங்கும்போது, தண்ணீரில் தலைகுப்புற விழுகிறவர் மாதிரி, மூச்சை இழுத்து அடக்கியிருக்கிறார். பழக்கம் அப்படி. மூச்சு வந்ததும் முதலில் கேட்டது, "நின்னுட்டா?"

"நின்னுட்டு."

"கம்பிய விட்டுட்டேன் டிரைவரே."

"விட்டதைப் பெறகு பேசிக்கிடலாம்."

கேட்காரர் ஓடி வந்தார். லாரியின் தார்ப்பாயை அவிழ்த்து நாலாக மடித்து, அதில் அவரைக் கிடத்தினோம். தண்டலும் கேட்காரரும் சைக்கிள்காரர் இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தண்டவாளத்தைத் தாண்டினார்கள். அந்தப் பக்கம் கேட் திறக்கக் காத்து நின்ற குதிரைவண்டியில் ஏற்றினார்கள். லாரியிலிருந்து தண்டவாளம் வரைக்கும் ரத்தச் சொட்டு விழுந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லோடைத் திறந்து போட்டுவிட்டு நான் போக முடியாது. பிழைத்தாரா இல்லையா என்று கேட்டால் சொல்லத் தெரிந்த ஒரு ஆள்கூட அன்றைக்கு முழுவதும் அந்த வழியே வரவில்லை.

சைக்கிள்காரர் ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்ததில், மறுநாள் காலையில் முதலாளியின் இன்னொரு லாரி வந்து என் வண்டியைச் சங்கிலி போட்டு இழுத்துச் சாலையில் ஏற்றிவிட்டுப் போனது. அடியில் படுத்துத் தேடினேன். பின்பக்கம் வலது சக்கரத்துக்குப் போகிற குழாயில் ஊசி முனை அளவுக்குத்தான் ஓட்டை. அந்தக் குழாயை மடித்துச் சுத்தியலால் தட்டி அடைத்தேன். அந்த ஒரு சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது; மற்ற மூன்றும் பிடிக்கும். விளக்கெண்ணெய்க் கலவையை ஊற்றினேன். உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற, பெடலை மிதிக்க ஒரு ஆள் வேண்டும். யாரைக் கூப்பிடலாம் என்று தலையை வெளியே நீட்டினால், தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு தண்டல் வருகிறார்.

எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது. அவரே சொன்னார்.

"முள்ளை எடுத்துட்டாக. காலும் நிக்கும்னு சொல்லுதாக. விடியக்காலம் கண்ணு முழிச்சதும் சோறு கேட்டான் பயல்."

நான் வண்டிக்கடியிலேயே மல்லாந்து படுத்துக்கொண்டேன். என் முகம் அவருக்குத் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

"மேல ஏறி அந்த நடுப் பெடலை மிதியும் அண்ணாச்சி. நான் சொன்னா விடும்."

மிதித்தார், விட்டார், மிதித்தார். நட்டை நான் திறந்து மூடினேன். காற்றுக் குமிழ் நின்று எண்ணெய் மட்டும் வந்தது. வேலை முடிந்து வெளியே வந்து கேட்டேன்.

"எல்லாஞ் சரி. கட்டையை ஏன் முன்சக்கரத்துக்குப் போட்டீரு?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நங்கூரத்தை முன்னால போடாம, பின்னால போடுவானாவே? பின்னால போட்டா தோணி கவுந்துரும்லா?"

நான் பின்சக்கரத்தைக் காட்டி, பாரத்தைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "உம்ம வண்டிக்கு அது. அந்த நேரத்துல அதை நீருல்லா சொல்லணும்" என்றார். பிறகு கேட்டையும், எங்கள் சக்கரம் உழுது வைத்திருந்த சரிவையும் பார்த்தார். "பின்னால போட்டிருந்தா கேட்டுக்கு முந்தி நின்னிருக்குமா?"

இருந்த வேகத்துக்குக் கட்டை நசுங்கி, வண்டி நேராகத் தண்டவாளத்துக்கே போயிருக்கும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை, தெரியாது என்றேன். சிரித்துவிட்டு, தார்ப்பாயை மேலே எறிந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று தண்டவாளத்தைத் தாண்டி நடந்தார்.

அவர் கண்ணுக்கு மறைந்த பிறகு ஹேண்டிலைச் சுற்றி வண்டியைக் கிளப்பினேன். கேட் திறந்துதான் இருந்தது. போக மனம் துணியவில்லை. முதல் கியரில் கொஞ்சம் நகர்த்திப் பிரேக்கை மிதித்தேன். நின்றது. பின்னால் எடுத்து, மறுபடி நகர்த்தி, மறுபடி மிதித்தேன். கேட்காரர் கூண்டுக்குள்ளே போய்ப் படுத்துவிட்டார். சாலையில் ஒரு ஆளும் இல்லை. வெயில் ஏறி உச்சிக்கு வருகிற வரைக்கும் அந்தத் துண்டுச் சாலையில் முன்னும் பின்னுமாகப் போய், நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.