படித்துறையில் நின்றவள்

"வயித்த இறுக்காதீங்க. காத்த உள்ள இழுங்க, இழுங்க... அப்படியே கெடங்க, தண்ணி தாங்கிக்கும்." கழுத்தளவு நீரில் நின்றபடி உமாமகேஸ்வரி சொல்லிக்கொண்டிருக்கிறாள். குரும்பகரத்துக் குளத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. நடவுக்குப் போகும் பெண்கள் ஆறு பேர், காலி எண்ணெய்க் கேனை வயிற்றில் கட்டிக்கொண்டு காலை உதைக்கிறார்கள். பருவம் முழுக்கத் தண்ணீரில் நிற்பவர்கள்தான்; நீந்தத் தெரிந்தவர் ஒருவருமில்லை.

உமாவுக்கு நாற்பத்தாறு வயது. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பிறப்பு, இறப்புப் பதிவெழுதும் எழுத்தர். வாரநாளில் மடிப்புக் கலையாத காட்டன் புடவை; ஞாயிற்றுக்கிழமை மட்டும் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையும் சுடிதார் பேன்ட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தலைகளை வாய்விட்டு எண்ணுவாள். யாராவது சிரித்துவிட்டால் முதலிலிருந்து எண்ணுவாள். அவளும் ஒன்றும் பெரிய நீச்சல்காரி இல்லை. இன்றைக்கும் மூக்கைப் பிடித்து, கண்ணை மூடி, ஏதோ முணுமுணுத்த பிறகுதான் முங்குவாள்.

நான்கு வருடத்துக்கு முன் ஓர் ஐப்பசியில், இதே படித்துறையில் அவள் துணி அலசிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஓவியா பாசி வழுக்கிக் குளத்தில் விழுந்தாள். எட்டு வயதுப் பிள்ளை. நாலு முழத் தூரம் இருக்கும். உமாவுக்குக் கால் எழவில்லை. கத்தினாள், கத்திக்கொண்டே நின்றாள். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் விற்க வந்த குஞ்சம்மா, கூடையைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து குதித்தாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

ஊர் உமாவையும் சேர்த்துக் கொண்டாடியது. "நீங்க மட்டும் சத்தம் போடலன்னா எம்புள்ள எனக்கில்லக்கா" என்று ஓவியாவின் தாய் தையல்நாயகி பழத்தட்டோடு வந்து அழுதாள். அந்தப் பழத்தில் ஒன்றைக்கூட உமா தொடவில்லை.

"நான் கத்துனத எல்லாரும் சொல்றாங்க. நான் நின்னத ஒருத்தரும் சொல்லல" என்று கணவரிடம் புலம்பினாள்.

"அதான் பொழச்சிடுச்சே, விடேன்" என்றார் தெட்சிணாமூர்த்தி.

விட முடியவில்லை. குளத்துப் பக்கமே போகாமல் குழாயடியில் துவைத்தாள். இரண்டு மாதம் கழித்து ஆபீஸ் பதிவேட்டில், வேறோர் ஊர்ப் பிள்ளையின் பெயருக்கு எதிரே 'நீரில் மூழ்கி' என்று எழுத வேண்டி வந்தது. எழுதி முடித்து வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை மீன்கூடையை வழிமறித்தாள்.

"குஞ்சம்மா, எனக்கு நீச்சல் கத்துக்குடு."

"என்னங்கம்மா, இந்த வயசுலயா?"

"இந்த வயசுலதான நின்னேன்."

பாதிக் குளத்தைக் குடித்துத்தான் கற்றுக்கொண்டாள். பிறகு தெருவில் வீடு வீடாக நினைத்துப் பார்த்தாள்: இன்னொரு பிள்ளை விழுந்தால் இறங்குவதற்கு யார் இருக்கிறார்கள்? மறு ஞாயிறே நாலு கேனும் நைலான் கயிறும் வாங்கி வந்துவிட்டாள்.

இதுவரை முப்பது பெண்களுக்கு மேல் மிதக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். தையல்நாயகி மட்டும் வரவில்லை. மகளையும் குளத்தண்டை விடவில்லை. போன வாரம் உமா அவள் வீட்டுக்கே போய், மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டாள்.

"தையலு, அன்னைக்கு நான் எறங்கியிருக்கணும். பயந்துபோயி நின்னுட்டேன். நீ என்னைக் கும்புட்டதுதான் இன்னும் அறுக்குது."

அரிசி களைந்துகொண்டிருந்த கை நின்றது. தையல்நாயகி நிமிராமலே பேசினாள். "ஒங்க சத்தம் கேட்டு நானும்தான் ஓடியாந்தேன்க்கா. குஞ்சம்மா தூக்கியார வரைக்கும் மேப்படியிலதான் நின்னேன். பெத்தவ, நானே நின்னேன்." இத்தனை வருடத்தில் அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை தையல்நாயகி வந்தாள். ஓவியாவும் கூட வந்து ஓரமாக உட்கார்ந்தாள். முதல் படியில் தண்ணீர் பாதத்தைத் தொட்டதுமே தாய் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். உமா அவளுடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு, குளத்துக்கு முதுகைக் காட்டியபடி, காலால் துழாவித் துழாவி ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி இறங்கினாள்.