சேலை கட்டிய வெப்பமானிப் பெட்டி

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்கு, எங்கள் வெப்பமானிப் பெட்டி சேலை கட்டிக்கொண்டு நின்றது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஊதாப் பூப்போட்ட பழைய நூல் சேலை. நன்றாக நனைத்து, கூரையிலிருந்து நாலு பக்கமும் தொங்கவிட்டு, காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு கல்லும் வைத்திருந்தார்கள். ஓரங்களில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் எல்லாம் வெந்து கிடக்க, அது மட்டும் குளத்தில் குளித்துவிட்டு வந்த மாதிரி அமைதியாக நின்றது...

காலையில் மறந்து வைத்த குடையை எடுக்கத்தான் போனேன். குடையையும் மறந்தேன்.

வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சங்கரன்கோவிலுக்கு வெளியே ஒரு பண்ணை வளாகத்தில் நான் ஒப்பந்த ஊழியன். அங்கே நாலு கால்களில் ஒரு வெள்ளை மரப்பெட்டி நிற்கிறது. சுற்றிலும் சாய்வான பலகை இடுக்குகள் — காற்று புகும், வெயில் நேராக விழாது. உள்ளே தெர்மாமீட்டர்கள்; அதில் ஒன்று அன்றைய உச்ச வெயிலில் ஏறிய இடத்திலேயே நின்றுவிடும். காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் கதவைத் திறந்து, எண்ணைப் படித்து, ரிஜிஸ்டரில் எழுதி, போனில் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவ்வளவுதானா?

எட்டரை மணிக்குக் கதவில் கை வைக்கும்போது எனக்கு ஒரு நினைப்பு வரும். இந்த நிமிஷம் நாடு முழுக்க எத்தனையோ வெள்ளைப் பெட்டிகள் திறக்கின்றன. எல்லாமே வடக்குப் பார்த்த கதவுகள். வெயில் உள்ளே விழாமலிருக்க அப்படித்தான் வைப்பார்கள். பனி விழுகிற ஊரில் கம்பளி போர்த்திய ஒருவர். தீவில், அலைச்சத்தத்துக்கு நடுவே ஒருவர். மணல்காட்டில், ஒட்டகம் வேடிக்கை பார்க்க ஒருவர். யாரையும் எனக்குத் தெரியாது. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு — மூச்சுச்சூடு பட்டால் எண் அசைந்துவிடும் — ஒரு மெல்லிய வெள்ளிக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பிறகு அந்த எண்களெல்லாம் கிளம்புகின்றன, சாயங்காலம் கொக்குகள் குளத்தைத் தாண்டிப் போவதுபோல, வரிசை வரிசையாக, வெகுதூரம்...

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அண்ணனும் ஆடு மேய்க்கிறார்கள். நான் படிக்கிற எண் ஒன்று தேசத்தின் கணக்கில் சேர்கிறது என்றால், நீங்களே சொல்லுங்கள், கொஞ்சம் கர்வம் வராதா?

அந்தக் கர்வத்தைத்தான் டிவி சீண்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளாக எந்தச் சேனலைத் திருப்பினாலும் வெப்பநிலைக் கணக்கு விவாதம். ஒருவர், "வெயில் ஏறுகிறது என்று காட்டுவதற்காகப் பழைய எண்களைத் திருத்திவிட்டார்கள்" என்கிறார். இன்னொருவர், "இல்லை, ஜனங்கள் பயந்துவிடக் கூடாதென்று இப்போதைய எண்களைக் குறைக்கிறார்கள்" என்கிறார். மூன்றாவதாக ஒருவர் நிதானமாக, "கருவி மாறும், இடம் மாறும், பிழை சேரும், அதைச் சரிசெய்யத்தான்..." என்று தொடங்குகிறார். அதற்குள் விளம்பரம் வந்துவிடுகிறது.

ராஜபாளையம் ரோட்டில் நான் டீ குடிக்கிற கடையிலும் அதே பேச்சு. டீ மாஸ்டர் முருகையா அண்ணாச்சி ஒருநாள் கிளாஸை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏம்வே, நம்மூரு வெயிலை நீருதான எழுதுதீரு? நேத்து எவ்வளவு?"

"முப்பத்தெட்டரை அண்ணாச்சி."

"முப்பத்தெட்டரையா? என் மண்டையில மாவை ஊத்துனா தோசை வந்துரும். மேல இருந்து குறைச்சு எழுதச் சொல்லிட்டாவளோ?"

"யாரும் சொல்லல. என் கையால எழுதுதேன். ஒரு புள்ளி கூடக் குறையாது. சத்தியமா."

"சத்தியத்துக்கெல்லாம் டீ ஃப்ரீ கிடையாது வே."

கடை சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

ஆனால் என் முப்பத்தெட்டரைக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. பண்ணை வேலிக்கு அந்தப் பக்கம் குளம். அங்கே நூறு நாள் வேலையில் பெண்கள் தூர் வாருகிறார்கள். என் அண்ணன் மனைவி பேச்சியம்மா மதினியும் அதில் ஒருவர். அவர்களுக்குப் பொறுப்பாளர் கணேசன் அண்ணாச்சி நல்ல மனிதர். மேலே பேசி ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். முந்தின நாள் வெயில் நாற்பதைத் தொட்டால், மறுநாள் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். தொடாவிட்டால் வழக்கம்போல ஒன்பது மணியிலிருந்து, மூன்றரைக்கு ரெண்டாவது வருகைப்பதிவு போட்டோ எடுக்கிறவரை வெயிலில் நிற்க வேண்டும்.

தொட்டதா இல்லையா என்பதை யார் சொல்வது? என் பெட்டிதான்.

மூன்று வாரமாகத் தொடவேயில்லை. அதற்கிடையில் ஒருநாள் மதினி கரையில் மயங்கி உட்கார்ந்துவிட்டார். கூட இருந்தவர்கள் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, உப்புப் போட்டுக் குடிக்கக் கொடுத்துக் கூட்டிவந்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டில் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நாப்பதுன்னு எழுதுனா என்ன கொழுந்தனாரே? ஒன்றரைதான குறையுது?"

"பொய் எழுத முடியாது மதினி."

"நல்லாத்தான் படிக்க வச்சிருக்காவ உன்னைய."

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வாருங்கள். சேலையைப் பார்த்துக்கொண்டு நான் நிற்கிறேன். பண்ணைக் குழாயிலிருந்து இடுப்பில் குடத்தோடு மதினி வருகிறார். பின்னாலேயே முத்துலட்சுமி அக்காவும் இன்னும் ரெண்டு பேரும்.

"மதினி, இது யாரு சேலை?"

"ஏன், என்னுதுதான். பழசு."

"பெட்டிக்கு எதுக்கு?"

மதினி குடத்தை இறக்கினார். இதைக்கூடவா கேட்பாய் என்கிற பார்வை.

"வடக்குப் பாத்துல்லா இருக்கு."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே வடக்குப் பார்த்த அம்மன் என்றால் உக்கிரமான அம்மன். அவளைக் குளிர வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் ஊர் தாங்காது.

"மதினி, இது சாமியில்ல."

"சாமியில்லன்னு எனக்குத் தெரியாதாக்கும். நீதான திறந்து காட்டுன, கண்ணாடிக் குழாயின்னு. ஆனா ஊரு வெயிலெல்லாம் இதுக்குள்ளதான் ஏறுதுன்னும் நீதான சொன்ன. வடக்குப் பாத்த வாசல்ல அத்தனை சூட்டையும் வச்சுப் பூட்டிட்டுப் போனா நல்லதா? அதான், தண்ணி குடிக்க வரும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு குடம் ஊத்துதோம். போகும்போது சேலையை உருவிருவேன். ஆடு தின்னுரும்லா."

"எத்தனை நாளா?"

"மாசிக் கடைசியில இருந்து."

நான் பெட்டியின் காலைப் பிடித்துக்கொண்டேன். பெட்டிக்கு அடியில் மட்டும் பச்சைப்பசேல் என்று புல் முளைத்திருந்ததை நான் முன்பே பார்த்திருக்கிறேன். தினமும் ரெண்டு தடவை பார்த்திருக்கிறேன். ஏன் முளைத்தது என்று ஒருநாளாவது யோசித்தேனா? இந்த வறட்சியிலும் இங்கே ஒரு துளி பச்சை என்று மயங்கி நின்றிருக்கிறேன். படித்த பிள்ளை!

ஈரத்துணிக்குள் இருக்கிற மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிருமோ, அப்படித்தான் இந்தப் பெட்டியும் குளிர்ந்திருக்கிறது, அதனால்தான் நாற்பதைத் தொடவில்லை என்று விளக்கினேன். மதினி குடத்தைப் பார்த்தார்.

"அப்ப நாங்க ஊத்துன தண்ணிதான் எங்களை மூணரை வரைக்கும் நிறுத்துச்சா?"

"ஆமா மதினி."

சேலையை மெதுவாக உருவினார். அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முத்துலட்சுமி அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்ப கீழ ஒரு சட்டி நெருப்புக் கங்கு வச்சா காலையில பத்து மணிக்கே விட்டுருவாவளா?"

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்துப் பார்த்தால், அக்கா சிரிக்கவில்லை.

"நெசமாத்தான் கேக்கேன் தம்பி. மூணு வாரம் சும்மா வெந்துருக்கோம். ரெண்டு நாளைக்குக் கூட்டி எழுதினா என்ன குறைஞ்சு போவ?"

நியாயம் அவர் பக்கம் இருந்தது. உண்மை மட்டும் அந்தப் பக்கம் இல்லை. ரெண்டும் வேறு வேறு பக்கத்தில் நிற்கும்போது ஒரு மனிதன் எங்கே நிற்பது?

மதினிதான் முடித்து வைத்தார். "விடுட்டி. யாரும் அதைத் தொடவேண்டாம். அது வாயால அது என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

ஊறிய பலகைகள் செவ்வாய் முழுக்கக் காயவில்லை; அன்று முப்பத்தெட்டுதான். புதன்கிழமை மாலை ஐந்தரை. கதவைத் திறந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். நாற்பது புள்ளி எட்டு.

கணேசன் அண்ணாச்சிக்கு அனுப்பிய அடுத்த நிமிஷம் போன் அடித்தது.

"ஏம்ப்பா, நேத்து முப்பத்தெட்டு. இன்னைக்கு நாப்பது புள்ளி எட்டா? ஒரே நாள்ல எப்படி ஏறும்?"

நடந்ததைச் சொன்னேன்.

"சேலையா? இதை நான் மேல சொன்னா என்னைய வச்சுச் சிரிப்பாவ. உன் மதினி மயங்கி விழுந்தா, பொறவு வெயிலு ஏறிருச்சு. கேக்குறவன் என்ன நினைப்பான்? முந்தி எழுதுனது தப்பா, இப்ப எழுதுதது தப்பா? எதை நம்பச் சொல்லுத?"

டிவியில் அத்தனை பேர் கத்திக்கொண்டிருக்கிற கேள்வியை அவர் ஒரே வரியில் கேட்டுவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். தப்பைத் திருத்துகிறவனும் எண்ணை மாற்றுகிறான். ஏமாற்றுகிறவனும் எண்ணை மாற்றுகிறான். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு ரெண்டு கையும் ஒன்றுதான். நாம் உடனே ஒரு பெரிய திருடனைத் தேடுகிறோம் — டெல்லியில், வெளிநாட்டில், ஏதோ பூட்டிய அறையில். ஒரு குடம் தண்ணீரை யாராவது சந்தேகப்படுகிறோமா? அதுவும் இரக்கப்பட்டு ஊற்றிய தண்ணீரை?

எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான். திருத்துகிறவன் பழையதை அழிக்கமாட்டான். பக்கத்திலேயே காரணத்தை எழுதி வைப்பான்.

எங்கள் ரிஜிஸ்டரில் 'குறிப்பு' என்று கடைசியில் ஒரு கட்டம் உண்டு. ரெண்டு விரல் அகலம். இதுவரை நான் அதில் எழுதியதெல்லாம் 'மேகமூட்டம்', 'தூறல்' அவ்வளவுதான். அன்று பொடி எழுத்தில் எழுதினேன்: 'மாசி கடைசி முதல் செவ்வாய் வரை நண்பகலில் பெட்டி மேல் ஈரத்துணி. அதிகபட்ச அளவுகள் உண்மையைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்று தெரியவில்லை. கவனிக்காதது என் பிழை.' கீழே கையெழுத்து. பழைய எண்களில் கை வைக்கவில்லை. அதைப் போட்டோ எடுத்து ஆபீசுக்கும் கணேசன் அண்ணாச்சிக்கும் அனுப்பினேன்.

என்றைக்கோ ஒருநாள், எங்கேயோ ஒரு மேஜையில், நான் பார்க்கவே போகாத ஒருவர் சங்கரன்கோவிலின் அந்த மூன்று வாரத்தின் மேல் குனிவார். 'ஈரத்துணியா?' என்று ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்ப்பார். ஊதாப் பூ அவருக்குத் தெரியாது. மதினியைத் தெரியாது. அந்த எண்களை மட்டும் மெதுவாக ஒதுக்கி வைப்பார். அதற்கு மறுநாள் டிவியில் யாராவது கேட்பார்கள், 'சங்கரன்கோவிலில் மூன்று வாரம் எங்கே போயிற்று?' என்று. கேட்கட்டும். பதில் ரெண்டு விரல் அகலத்தில் இருக்கிறது.

வியாழக்கிழமையும் பெண்கள் ஒன்பது மணிக்குத்தான் வந்தார்கள். கணேசன் அண்ணாச்சிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. மதியம் ரெண்டு மணிக்குக் கரையிலிருந்து இறங்கி நேரே பெட்டியிடம் வந்தார். சுற்றி வந்து பலகை இடுக்குகளைத் தடவினார். அடியில் வாடிய புல்லைக் காலால் கிளறினார். காய்ந்த புழுதி பறந்தது.

"திற."

திறந்தேன். "மூச்சு விடாமப் பாருங்க அண்ணாச்சி."

குனிந்தார். நரைத்த மீசை அசையவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நாப்பத்தொண்ணு."

நெற்றி வியர்வையை வழித்து எறிந்தார். கரையில் வரிசையாக நின்றிருந்த தலைச்சுமைகளைப் பார்த்தார். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தார்.

"ஏட்டி, எல்லாரும் கேட்டுக்கோங்க. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துருங்க. பன்னெண்டுக்குப் போயிரலாம்."

டீக்கடையிலும் போய் ஒப்புக்கொண்டேன். "நீரு சொன்னதுதான் சரி அண்ணாச்சி. நான் எழுதினது குறைச்சல்தான்" என்றேன். முருகையா அண்ணாச்சி ஜெயித்த சந்தோஷத்தில் கிளாஸை நிரப்பினார். "யாரு குறைக்கச் சொன்னா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எங்க மதினி" என்றேன். அதை மட்டும் அவர் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி. கானல் அலையலையாக ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் பெண்கள் மண்வெட்டியும் சட்டியுமாக, தண்ணீரில் நடந்து போகிறவர்கள்போல மிதந்து போனார்கள். மதினி மட்டும் வேலியோரம் நின்று பெட்டியைப் பார்த்தார்.

"நாங்கள்லாம் வீட்டுக்குப் போறோம். இது மட்டும் தனியா நிக்குதே... பாவம்."

"அதுக்கு அதான் வேலை மதினி."

முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஊருக்காக வெயிலில் நிற்க ஒரு பெட்டி போதும்.