தயாபரன் அண்ணை கழித்த பலகைகள்

தயாபரன் அண்ணை போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புளியங்கூடலில் தன் பட்டறைக் கதிரையில் இருந்தபடியே இறந்துபோனார். நாரந்தனையில் நான் கடை திறந்துகொண்டிருந்தபோது அவர் மனைவி ராணியக்கா போன் எடுத்தா. "தம்பி, இவர் போயிட்டார். போறணை இன்னும் சூடாக் கிடக்கு. எனக்கு நிப்பாட்டத் தெரியேல்லை, ஓடி வாரும்."

அவர் என்ன தொழில் செய்தார் என்று எங்கள் தீவில் பலருக்கு விளங்கவில்லை. 'வெளிநாட்டில படிச்சுப்போட்டு இஞ்ச வந்து மா குழைக்கிறார்' என்று பகிடி பண்ணினார்கள். டெஃப்லான் தூளோடு பீங்கான் மாவைக் கலந்து, அழுத்தி, போறணைச் சூளையில் சூடாக்கி, இரு பக்கமும் செப்புத் தகடு ஒட்டினால் ஒரு பலகை. வள்ளங்களின் வழிகாட்டிக் கருவிக்கு அன்ரெனா அதில்தான் வெட்டுவார்கள். பலகைக்குள் ஈரம் புகுந்தால் செய்மதியின் அலை கருவிக்கு எட்டாது. செய்தது அவர், விற்றது நான்.

ஒருமுறை ஓடர் அவசரம். அவர் யாழ்ப்பாணம் போயிருந்தார். பீங்கான் மா ஈரமாகக் கிடந்தது. நான் அதைப் பாயில் பரப்பி, கூழுக்குக் காயவைத்த பனங்கிழங்கு ஒடியலுக்குப் பக்கத்திலேயே வெயிலில் காயப்போட்டேன். கடலிலிருந்து வந்த காற்றை யோசிக்கவில்லை. அவர் திரும்பி வந்து அந்த மாவில் எண்பது பலகை செய்தார். வழக்கம்போல ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்து நிறுத்தார். நிறை கூடியிருந்தது; உள்ளே தண்ணீர் போயிருந்தது.

"மாவை எங்க காயவைச்சனீர்?"

"முத்தத்திலதான் அண்ணை. நல்ல வெயில்."

"ஒடியலில உப்புக்காத்துப் பட்டால் கூழ் ருசிக்கும். இதில பட்டால் ஒருத்தன் வழி தெரியாமல் கடலுக்க நிப்பான்."

"ஆர் பாக்கப்போறான் அண்ணை? பெட்டிக்குள்ள மூடித்தானே கிடக்கும்."

"மூடிக்கிடக்கிறபடியாத்தான் நாங்கள் பாக்கவேணும்" என்றார். எண்பதையும் சாக்கில் கட்டி மூலையில் போட்டார். எனக்கு அன்று அவர்மேல்தான் கோபம்.

செத்தவீட்டில், மா குழைக்கிறார் என்று சிரித்தவர்கள்தான் முன்வரிசையில் கண் துடைத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு வியாபாரி பெரிய மாலை போட்டு, 'தீவு தந்த விஞ்ஞானி' என்று நீட்டி முழக்கினார். பிரேதம் எடுக்க முன்னமே என்னைப் பட்டறைக்குள் இழுத்து, மூலையில் கிடந்த சாக்கைக் காட்டினார்.

"சாக்கில கிடக்கிறதும் அவர் செய்ததுதானே? இனி அவற்ர பேருக்கே விலை இருக்கு. பெட்டிக்குள்ள மூடித்தானே கிடக்கும்?"

அந்த ஆளின் வாயில் வந்தது என் சொல். "மரியாதையா வெளியில போம்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்ற அருவருப்பு இன்னும் போகவில்லை.

எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்ததும் பட்டறையை எனக்குத் தரச்சொல்லிக் கேட்டேன்.

"நீரும் யாவாரிதானே, தம்பி" என்றா ராணியக்கா.

"ஓம் அக்கா. அதாலதான் எழுத்தில தாறன்."

முதலில் எண்பது பலகையையும் அவ முன்னாலேயே தகரக் கத்தரியால் வெட்டினேன். பிறகு எழுதினோம். அண்ணையின் அச்சும் போறணையும் கலவைக் கொப்பியும் என்னிடம் இருக்கும். அண்ணையின் பெயருக்கான உரிமை அவவிடம் இருக்கும். மாத வாடகை இருபத்தையாயிரம் ரூபாய். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பலகையை ஊறவைத்து நிறுப்பது ராணியக்கா. நிறை கூடினால் முழுத் தொகுதியும் வெட்டு. நட்டம் என்னுடையது.