ஆசையை விட்டுவிட ஆசைப்பட்ட பார்வதி அக்கா

திங்கட்கிழமை காலை ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றிருந்தபோது பார்வதி அக்காவின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "அக்கா போயிட்டாங்க" என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாங்கிய பிஸ்கட் கையில் இருந்தது. பஸ் வந்தது, நான் ஏறவில்லை.

வட்டவளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் நாங்கள் பதினாறு ஆண்டுகள் ஒன்றாக வேலை செய்தோம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை எங்களிடம்தான் விட்டுப்போவார்கள். ஒன்று தூங்கினால் இன்னொன்று அழும். அக்காவுக்கு வீட்டிலும் ஓய்வில்லை. கணவர் படுக்கையில் கிடந்தார்.

அவர் இறந்த பிறகு அக்கா, சிங்களத் தோழி ஒருவருடன் மலைமேல் இருந்த பௌத்தப் பெண் துறவிகளின் மடத்துக்கு, பௌர்ணமி வரும் போயா நாட்களில் போகத் தொடங்கினார். ஆசையை விட்டால் அமைதி வரும் என்று அங்கே சொன்னது அவரைப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் வேலையையும் விட்டுவிட்டு அங்கேயே போய்விட்டார். எனக்குக் கோபம்தான். தனியாளாக அத்தனை பிள்ளைகளையும் எப்படிப் பார்ப்பது?

மூன்றாம் மாதம் மெலிந்துபோய்த் திரும்பினார். நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். மடத்தில் எல்லோருக்கும் முன்னால் எழுந்தாராம். கண்ணை மூடினால், இன்றைக்காவது அந்த அமைதி வருமா என்ற நினைப்பேதானாம். பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தால் பொறாமையாம்.

"சீல வேணும், நக வேணும்னு நான் ஆசப்பட்டதே இல்ல சாந்தி. இதுக்குத்தான் இப்புடி ஆசப்பட்டேன். ஆசய விடணும்ங்கிற ஆசய எங்க கொண்டுபோய் விடுறது?"

மடத்துப் பெரிய துறவியிடமும் இதைக் கேட்டிருக்கிறார். இத்தனை வருடமாகியும் தனக்கும் அந்த ஆசை போகவில்லை என்று அவர் சிங்களத்தில் மெல்லச் சொன்னாராம். அதைக் கேட்டதும் அக்காவுக்கு அப்படியொரு களைப்பு வந்ததாம். அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டு, மறுநாள் பஸ் ஏறியிருக்கிறார்.

மறுபடி எங்களோடு வேலைக்குச் சேர்ந்த பிறகும் போயாவுக்கு மடத்துக்குப் போனார். சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். பிள்ளைகள்மேல் எரிந்துவிழவும் செய்தார். ஞானியாகிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் கேட்டேன், அந்த அமைதி கிடைத்ததா என்று.

"தெரியல புள்ள. வந்துச்சா, வரலயான்னு பாக்குறதயே விட்டுட்டேன். காலக் கொஞ்சம் அமுக்கிவிடுறியா?"

அமுக்கிவிட்டேன். தூங்கிப்போனார்.

நேற்று மழையில் அவரை அடக்கம் செய்தோம். பெரிய துறவியும் வந்திருந்தார். குழியருகே நின்று முந்தானைபோல் கிடந்த காவித்துணியால் கண்களைத் துடைத்துக்கொண்டார். என் குடையை அவர்பக்கம் நீட்டினேன். இருவரும் ஒரே குடையில் மலையிறங்கினோம்.

அக்கா, இனி உங்களை யாரும் எழுப்பமாட்டார்கள். தூங்குங்கள்.