சடை நனையாத மழைக்கோட்டு

நான் ஓடுவதில் அம்மாவுக்கு ஆட்சேபம் இல்லை, நனைவதில்தான். இடுப்புக்குக் கீழே தொங்கும் என் சடை ஒருமுறை நனைந்தால், துவட்டி, சாம்பிராணி போட்டு, இருமலுக்குக் கஷாயம் வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்றாகிவிடும். வெட்டவும் விடமாட்டாள். "சடை நனைஞ்சு வந்தேன்னா, அன்னிக்கோட ஓட்டத்துக்கு முழுக்குதான்" என்று சொல்லிவிட்டாள்.

பள்ளிகளுக்கிடையிலான நெடுந்தூர ஓட்டமோ ஜனவரி மழையில். அறுபதுகளில் எங்கள் ஊரான புக்கிட் பாஞ்சாங்கில் எல்லாம் செம்மண் பாதை. காற்றடித்தால் பல் தந்தியடிக்கும்.

முதலில் அப்பா துறைமுகத்துக்குப் போட்டுப் போகும் ரப்பர் கோட்டை மாட்டி ஓடிப் பார்த்தேன். அது முழங்காலைத் தட்டித் தட்டியே என்னைக் கீழே தள்ளியது. பிறகு சிராங்கூன் சாலையில் அம்மாவே ஒரு பிளாஸ்டிக் கோட்டு வாங்கித் தந்தாள். கழுத்துவரை பொத்தான்; மழை ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து கழற்றினால் சடையைப் பிழியலாம். அத்தனையும் வேர்வை.

"இது மழை இல்லம்மா!"

"மழையோ வேர்வையோ, ஈரம் ஈரந்தான்."

அன்று கோபத்தில் அழுதேன். ஒரே ஒரு கோட்டு பார்க்கலாம், அதுவும் சரிப்படாவிட்டால் ஓட்டம் கிடையாது என்று அம்மா இறங்கிவந்தாள்.

சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில், ராணுவம் கழித்த துணிகளை விற்ற பாய் எனக்கு அளவான தடித்த கோட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். நான் அடியிலிருந்து ஒரு மெல்லிய பச்சைக் கோட்டை உருவினேன். ஆம்பிளை அளவு. தலைக்கு முக்காடு, அக்குளில் காற்றுப்போக ஓட்டைகள்.

"தங்கச்சி, அது மெலிசு லா. சோல்ஜருக்குத் தச்சது, பிள்ளைக்குத் தொளதொளன்னு இருக்கும்" என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா என்னை முறைத்தாள். "இதுக்குள்ள ரெண்டு பேரு போகலாம்டி."

"ரெண்டு பேருதானேம்மா போறோம். நானும் என் சடையும்."

பாய் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை, ஆனால் வாங்கினாள்.

பந்தயத்தன்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. சடையைக் கோட்டுக்குள் முதுகோடு விட்டு, முக்காட்டை இறுக்கிக்கொண்டேன். ஓட ஓடக் காற்று உள்ளே புகுந்து முதுகில் புடைத்தது. வேர்வை தங்கவே இல்லை. நனைந்த சட்டை உடம்போடு ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகத் தாண்டினேன். எனக்கு முன்னால் யாருமே இல்லை என்று தெரிந்தபோது சந்தோஷத்தில் கத்தினேன்.

எல்லைக்கோட்டில் அம்மா நின்றிருந்தாள். எத்தனையாவது இடம் என்றுகூடக் கேட்கவில்லை. என் கழுத்துக்குள் கைவிட்டு, சடையை வெளியே இழுத்து, உச்சியிலிருந்து நுனிவரை தடவினாள்.

"காஞ்சிருக்கு!" என்று ஊருக்கே கேட்கும்படி கூவினாள்.

அப்போதுதான் பார்த்தேன், அவள் கொண்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. குடை மடக்கியபடி கையில் இருந்தது.

"ஏம்மா விரிக்கல?"

"குடை மறைச்சுதுடி. நீ முதல்ல வர்றத நான் பாக்க வேணாமா?"

கோட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டேன். அன்று வீட்டில் சாம்பிராணி அம்மாவின் தலைக்குத்தான்.