மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

அந்தத் தீவு நாட்டுக்கு வாரத்தில் இரண்டு விமானங்கள் வரும். திங்கட்கிழமை ஒன்று, வியாழக்கிழமை ஒன்று. வேறு வேறு விமானம் என்று நினைத்துவிட வேண்டாம். முப்பத்து நான்கு பேர் உட்காரும் அதே பழைய விமானம்தான் போய்ப் போய் வரும். அதிலிருந்து இறங்குகிறவர்கள் அந்த மண்ணில் முதலில் பார்க்கும் முகம் தொப்பியம்மாவின் முகம்.

அந்தப் பெயர் அவருக்கு வரக் காரணம் அரசாங்கம். பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரி ஓய்வு பெற்று ஆறு வருடங்கள் ஆகியும் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. சுங்கத்தில் இருந்த இவர் தலையிலேயே அந்த வேலையும் விழுந்தது. தகரக் கூரை போட்ட ஒரே கூடம்தான் விமான நிலையம். ஓடுதளத்துப் பக்கம் பாஸ்போர்ட் கவுண்டர். பத்தடி தள்ளி, பெட்டிகளைத் திறந்து பார்க்கும் இரும்பு மேசை. மேசையைத் தாண்டியதும் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கோடு. அப்புறம் கண்ணாடிக் கதவு. கதவுக்கு வெளியே நாடு. இவர் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு எல்லாருக்கும் முத்திரை குத்துவார். கடைசி ஆள் முடிந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, சாம்பல் நிறத் தொப்பியை மாட்டிக்கொண்டு மேசைக்குப் போவார். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் "நல்வரவு" என்று சொன்ன அதே வாய், "பெட்டியைத் திறங்க" என்று சொல்லும்.

கெடுபிடிக்குப் பெயர் போனவர். விதை, மண், பழம், தேன், செடி எதுவும் வெளியிலிருந்து உள்ளே வரக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். கூடப் பிறந்த தம்பி கொண்டுவந்த ஆறு கொய்யாப் பழங்களைப் பறிமுதல் செய்தார். தம்பி மூன்று மாதம் பேசவில்லை. ஆஸ்பத்திரியின் ஒரே டாக்டரைக் குந்த வைத்து, பூட்ஸில் ஒட்டியிருந்த வெளிநாட்டுச் சேற்றை பிரஷ்ஷால் தேய்க்கச் சொன்னார். வீம்புக்குச் செய்யவில்லை. அவர் சிறுமியாக இருந்தபோது, யாரோ துணிக்குள் சுருட்டிக் கொண்டுவந்த ஒரு வாழைக்கன்றிலிருந்து நோய் பரவி, அவருடைய அப்பாவின் தோட்டம் ஒரே வருடத்தில் மொட்டையானது. அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். பெட்டியைத்தான் திறக்கச் சொல்வார்.

அவருக்கு ஒரே மகன். வானிலை அலுவலகத்தில் வேலை. வெளிநாட்டில் படித்தபோது, கூடப் படித்த ஒரு பெண்ணின்மேல் மனதைப் பறிகொடுத்துவிட்டு வந்தான். பெண் பிசியோதெரபி படித்தவள். தாய் இல்லை, அப்பா மட்டும்தான். அவர் தேனீ வளர்ப்பவர். போனில் பேசி எல்லாம் கூடி வந்தது. வியாழக்கிழமை விமானத்தில் அப்பாவும் பெண்ணும் வருவது, வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் கல்யாணம் என்று முடிவானது.

தொப்பியம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சம்பந்தியை முதன்முதலாக நேரில் பார்க்கப்போவது வீட்டு வாசலில் இல்லை, கவுண்டரில். சொந்தக்காரரைத் தானே சோதிக்கலாமா என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். உங்களைத் தவிர அங்கே ஆள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும், விதிப்படி செய்து பதிவேட்டில் குறிக்கவும் என்று பதில் வந்தது.

கணவர் படகு இன்ஜின் மெக்கானிக். எதையும் சிரிக்காமல் சொல்கிறவர். "சம்பந்தியை வாங்கன்னு சொல்லுவியா, கையைத் தூக்குங்கன்னு சொல்லுவியா?" என்று கேட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரைக்கும் அவர் பயணி, இந்தப் பக்கம் வந்தபிறகுதான் சம்பந்தி என்று தொப்பியம்மா கறாராகச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டாரே தவிர, புதன்கிழமை முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு விமானம் இறங்கியது. வரிசையில் ஐந்தாவதாக நின்றார் தேனீக்காரர். ஒடிசலான உடம்பு, தடித்த கண்ணாடி, வெயிலில் கறுத்த கைகள். பக்கத்தில் பெண். போனில் பார்த்ததைவிடக் குட்டையாக, போனில் பார்த்ததைவிட அழகாக இருந்தாள். கவுண்டருக்கு வந்ததும் "அத்தை" என்று வாயெடுத்தவள், எதிரே இருந்த முகத்தைப் பார்த்து "மேடம்" என்று மாற்றிக்கொண்டாள்.

பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்குமேல் செல்லுபடியாகிறதா என்று பார்த்தார். திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்தார். இரண்டும் இருந்தன. பிறகு வழக்கமான கேள்விகள்.

"வந்த காரணம்?"

"பொண்ணு கல்யாணங்க."

"எங்க தங்கப் போறீங்க?"

தேனீக்காரர் மகளைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள். "உங்க வீட்டுலதாங்க" என்றார்.

"முகவரி சொல்லணும்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, தொப்பியம்மா இருபத்தாறு வருடமாகக் குடியிருக்கும் வீட்டின் முகவரியை, பச்சைக் கேட்டு வரைக்கும், அவருக்கே நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார். தொப்பியம்மா ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். அடுத்த கட்டம், வீட்டுக்காரருக்கும் பயணிக்கும் என்ன உறவு என்பது. பேனா நின்றது. கல்யாணம் நாளைக்குத்தானே. யோசித்து, "அறிமுகமானவர்" என்று எழுதி, இருவருக்கும் முப்பது நாளைக்கு முத்திரை குத்தினார். வரிசையில் பின்னால் நின்ற பருத்த வியாபாரி ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார்.

எல்லாருக்கும் குத்தி முடித்துத் தொப்பி மாறியது. மேசையில் முதல் ஆளாக வந்து நின்றவர் தேனீக்காரர். கொடுத்த படிவத்தில் "தேன்" என்ற இடத்தில் "ஆம்" என்று போட்டிருந்தார். அதோடு விடாமல், ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: நாலு பாட்டில், என் கையால எடுத்தது, சம்பந்தியம்மாவுக்கு.

தொப்பியம்மா அந்த வரியை இரண்டு முறை படித்தார். "இதை உள்ள விட முடியாதுங்க" என்றார்.

"அப்பா, நான் ஊர்லயே சொன்னேன்ல" என்றாள் மகள், அழுதுவிடுகிற குரலில்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே மகனும் மெக்கானிக்கும் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே பேசுவது ஒன்றும் கேட்காது. மேசையில் வரிசையாக நான்கு பாட்டில்கள், தலைகுனிந்த பெண், இறுகிய முகத்தோடு அம்மா. மகனுக்குக் கல்யாணமே கைநழுவிப் போனதுபோல் இருந்தது. மெக்கானிக் மட்டும், அம்மா முகம் எப்போதும் அப்படித்தான், கவலைப்படாதே என்று தேற்றினார்.

தொப்பியம்மா விளக்கம் சொல்வதில்லை. அன்று சொன்னார். இந்தத் தீவுத் தேனீக்களுக்கு இதுவரை எந்த நோயும் வந்ததில்லை, வெளித் தேனில் நோய்க் கிருமி இருக்கலாம், ஒரு துளி போதும் என்றார். தேனீக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கோபப்படப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"உண்ணி?" என்று கேட்டார் மெல்ல. "தேனீ முதுகுல ஒட்டி ரத்தம் குடிக்குமே, அதுகூட இங்க இல்லையா?"

"இல்ல."

"ஒரு தேன்பெட்டியிலகூட?"

"ஒண்ணுலகூட இல்ல. வருஷத்துக்கு ரெண்டு தடவை பாக்கறோம்."

அவர் முகம் மாறியதை வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். பொக்கிஷம் கிடைத்தவன் முகம் மாதிரி இருந்தது என்று வியாபாரி பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார். பதினெட்டு வருடத்துக்கு முன் அந்த உண்ணியால் இருநூறு பெட்டித் தேனீக்களை ஒரே பருவத்தில் பறிகொடுத்தவர் அவர். அப்படி ஒரு சீக்கு இல்லாத தேனீயை அதற்கப்புறம் கண்ணால் பார்த்ததில்லை.

அடுத்து அவர் செய்ததைத் தொப்பியம்மா எதிர்பார்க்கவில்லை. கால்சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு ஜோடித் தோல் கையுறைகளை எடுத்து மேசைமேல் போட்டார். பெட்டியின் அடியிலிருந்து ஒரு வலைத் தொப்பி, அடைகளை நெம்பி எடுக்கும் ஓர் இரும்புப் பட்டை. "இதையும் எடுத்துக்கங்க. இங்க யாராவது பெட்டி வெச்சிருந்தா பாக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். தேனைவிட இதுதாங்க மோசம், வருஷக்கணக்கா கூட்டுக்குள்ள போன சாமான்" என்றார். ஒரு கணம் யோசித்து, ஷூவையும் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றார்.

முப்பது வருடச் சர்வீஸில் இப்படி ஒரு பயணியைத் தொப்பியம்மா கண்டதில்லை. உதடு துடித்தது. சிரிக்காமல் இருக்க விதிப்புத்தகத்தைப் பிரித்தார்.

தடை செய்த பொருளை எரிக்கலாம். வந்த விமானத்திலேயே திருப்பி அனுப்பலாம். அல்லது, பதினோராவது விதி: உண்ணத்தக்க பொருளாயின் பயணி கோட்டைத் தாண்டுமுன் உண்டு தீர்க்கலாம், பாத்திரத்தை ஒப்படைக்க வேண்டும், பிறகு வாயும் கையும் கழுவ வேண்டும். ஒருவர் வாழைப்பழம் தின்று தீர்த்ததைத் தவிர, யாரும் பயன்படுத்தாத விதி. அதைச் சத்தமாகப் படித்தார்.

"நாலு பாட்டிலை நான் ஒருத்தனா எப்படிங்க?" என்றார் தேனீக்காரர்.

"பயணின்னுதான் போட்டிருக்கு. எத்தனை பயணின்னு போடல."

வரிசையே கலகலத்தது. கூடத்து மூலையில் இருந்த டீக்கடைக்காரர் ஒரு பிடி ஸ்பூன்களைக் கொடுத்தனுப்பினார். வியாபாரி, இரண்டு ஆசிரியைகள், கைக்குழந்தையோடு ஒரு தாய், விளையாட்டுக் குழு ஒன்று என்று முப்பத்து நான்கு பேரும் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். சூரியகாந்திப் பூத் தேன் ஒன்று, காட்டுத் தேன் ஒன்று என்று ஒவ்வொரு பாட்டிலாக அவர் கதை சொல்ல, ஆளுக்கு ஒரு ஸ்பூன் என்று ஆரம்பித்தது நாலு ஸ்பூனில் போய் நின்றது. விமானி இறங்கி வந்து, தானும் கோட்டைத் தாண்டாதவன்தான் என்று நியாயம் பேசி வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பிடாதவர் ஒருவர்தான். யாருக்காக அந்தத் தேன் கடல் தாண்டி வந்ததோ, அவர். பணியில் இருக்கும் அதிகாரி பயணியிடம் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கக் கூடாது. ஸ்பூனோடு நீண்ட தேனீக்காரரின் கையைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

ஒவ்வொருவராகக் கை கழுவிக்கொண்டு போனார்கள். அப்பாவும் மகளும் மட்டும் போகவில்லை. சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தேனீக்காரரின் மடியில் கடைசி பாட்டில், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தேன். நீங்கள் போகலாம் என்று தொப்பியம்மா சொன்னார். அவசரம் இல்லை, வேலை முடியட்டும் என்றார் அவர்.

கடைசிப் பயணியும் வெளியேறினார். தொப்பியம்மா பதிவேட்டில் "பகல் 1.10, பணி முடிந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மேசையைச் சுற்றி வந்து, பெஞ்சில் மருமகளாகப் போகிறவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப குடுங்க சம்பந்தி" என்றார்.

பெண் ஸ்பூனால் வழித்து ஊட்டினாள். தேன் லேசாகக் கசந்து, பிறகு நாக்கெல்லாம் இனித்தது. தொப்பியம்மாவுக்கு அடக்கிவைத்திருந்த சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது. கண்ணில் நீர் வர, பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தையின் கன்னத்தில் ஒழுகிய தேனை அவள் துடைத்துவிட்டாள். பாட்டில்களும் கையுறையும் மற்றச் சாமான்களும் எரிக்கும் தொட்டிக்குப் போக, ஷூவை மட்டும் மருந்துத் தண்ணீரில் கழுவி வாங்கிக்கொண்டு, மூவரும் வாயும் கையும் கழுவிக் கோட்டைத் தாண்டினார்கள்.

கதவு திறந்ததும் மெக்கானிக் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். "உள்ள பந்தி நடந்துதே, மாப்பிள்ளை வீட்டுக்கு அழைப்பு இல்லையா?" என்றார்.

மறுநாள் கல்யாணம் நன்றாக நடந்தது. அழைத்தது இருபது பேரை, வந்தது ஐம்பதுக்குமேல். விமானத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். வியாபாரி சொந்தத் தாய்மாமன்போல வாசலில் நின்று எல்லாரையும் உபசரித்தார்.

சனிக்கிழமை தொப்பியம்மாவுக்கு விடுமுறை. சம்பந்தியை ஜீப்பில் ஏற்றி, மேட்டு நிலத்தில் தேன்பெட்டி வைத்திருக்கும் ஒரு தோட்டக்காரரிடம் அழைத்துப்போனார். தோட்டக்காரர் தன்னுடைய கையுறையைக் கொடுத்தார். தேனீக்காரர் ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு, மறு கையை வெறுமையாகவே விட்டார். மூடியைத் தூக்கி, ஓர் அடையை மெதுவாக உருவி வெயிலில் பிடித்தார். நூற்றுக்கணக்கான தேனீக்கள் அதன்மேல் நகர்ந்தன. ஒவ்வொன்றின் முதுகாகப் பார்த்தார். உண்ணி இருந்தால் சிவப்புப் பொட்டு மாதிரி தெரியுமாம். முதல் அடையில் இல்லை. இரண்டாவதில் இல்லை. பத்து அடைகளையும் பார்த்தார், ஒன்றிலும் இல்லை. வெறும் கையில் நாலைந்து தேனீக்கள் ஏறி, கொட்டாமல் ஊர்ந்துகொண்டிருந்தன. அவர் அசையாமல் நின்றார். கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் இறங்கியது; வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

பின்னால் நின்ற தொப்பியம்மா பக்கம் திரும்பாமலே சொன்னார்: "சம்பந்தியம்மா, நீங்க இன்னும் கொஞ்சம் கெடுபிடியா இருந்தாலும் தப்பில்லைங்க."

அவ்வளவு வருடத்தில் அந்த வேலைக்காக அவருக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அவரும் பக்கத்தில் போய் நின்று, அடைமேல் நகர்கிற தேனீக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.